அம்மா எந்த வீட்டுக்குப் போகக் கேட்கிறார்?

கேள்வி கேட்டிருப்பவர் கோத்தகிரிப் பக்கத்தில், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் குடியிருப்பில் வாழும் ஒரு மகள். அவர் எழுதியதன் சுருக்கம் இது. அம்மாவுக்கு 76 வயது. 1972இல் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தவர். ஒன்றரை ஆண்டாக மறதி. கேட்டதையே கேட்கிறார்; குழம்பில் இரண்டு முறை உப்புப் போடுகிறார். மாலையானால் துணிப்பையை எடுத்துக்கொண்டு, “வீட்டுக்குப் போக வேண்டும்” என்று வாசலில் நிற்கிறார். அவர் சொல்லும் வீடு இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் இருந்த ஒரு லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. ஸ்கேன் எடுக்கக் கோயம்புத்தூர் போகலாம், பணம் கட்டுகிறேன் என்கிறார் அண்ணன். அப்பா இறந்து ஆறு ஆண்டாகிறது. அவர் எங்கே என்று கேட்கிறார். இறந்துவிட்டார் என்றால் அப்போதுதான் கேள்விப்பட்டவர்போல அழுகிறார். இது வயதா, நோயா? பழையது மட்டும் எப்படி நினைவிருக்கிறது? அப்பாவைப் பற்றி என்ன பதில் சொல்வது? இது எங்கே போய் முடியும்? எனக்கும் வருமா?

முதலில் வயதா, நோயா என்பதைப் பார்த்துவிடலாம். நீங்கள் எழுதியிருப்பது வயதின் வேலை இல்லை. வயது மூளையை மெதுவாக்கும், அவ்வளவுதான். எழுபது வயதில் ஒரு பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வராமல் படுத்தும். அரை மணி கழித்துக் கேட்காமலே வந்து நிற்கும். கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடுவோம். ஆனால் தேடுகிறோம் என்பது நமக்குத் தெரியும். கண்ணாடி எதற்கு என்பதும் தெரியும். உங்கள் அம்மாவுக்கு நடப்பது வேறு. கேட்ட கேள்வி மறக்கவில்லை, கேட்டதே மறந்துவிடுகிறது. நாற்பது ஆண்டு சமைத்த கைக்குக் குழம்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. இதை வயது என்று சொல்லி ஒதுக்குவது தவறு.

இந்தத் தவறை மருத்துவர்களும் வெகுகாலம் செய்தார்கள். அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1901இல் பிராங்க்பர்ட்டில் முதன்முதலாகப் பதிவு செய்த நோயாளி அகஸ்டே டேட்டர் என்ற பெண்மணி. அப்போது அவருக்கு வயது 51. 1906இல் அவர் இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, நியூரான்களுக்கு வெளியே படிந்த கசடையும் உள்ளே முறுக்கிக் கிடந்த இழைகளையும் அல்சைமர் விவரித்தார். வயது குறைவான ஒருவருக்கு வந்ததால் இது அபூர்வமான தனி நோய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதே கசடும் அதே முறுக்கும் எண்பது வயதுக்காரர் மூளையில் இருந்தபோது, கிழடு தட்டிவிட்டது என்று எழுதினார்கள். இரண்டும் ஒரே நோய்தான் என்று ராபர்ட் கட்ஸ்மன் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் அடித்துச் சொன்னது 1976இல். எழுபது ஆண்டுகள் ஒரு நோய் முதுமை என்ற பெயரில் ஒளிந்திருந்தது. நம் குடியிருப்புகளில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்ற மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கணித்திருக்கிறது. அதே வயதுக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்கும் மேல் அது இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மலை உயரமும் குளிரும்தான் காரணம் என்று அக்கம்பக்கத்தார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை. 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் கூர்மையான புத்தியோடு தொண்ணூறு வயதைத் தாண்டுகிறார்கள். கோத்தகிரி அதைவிடத் தாழ்வு. குளிர் மூளையைக் கெடுக்காது. குளிருக்காக நாம் செய்யும் ஒரு காரியம் கெடுக்கும். டிசம்பர், ஜனவரியில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் கரி நெருப்பை வைத்துக்கொண்டு தூங்குகிறார்களே, அந்தக் கணப்புச் சட்டியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. உயிர் தப்பியவர்களில் சிலருக்குச் சில வாரம் கழித்து மறதியும் நடைத் தடுமாற்றமும் வரும். உங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

நோய் என்று சொன்னேன். எந்த நோய் என்று நான் இன்னும் சொல்லவில்லை. அல்சைமர் என்று முத்திரை குத்துவதற்கு முன்னால், சரிசெய்யக்கூடிய காரணங்களைத் துருவிப் பார்க்க வேண்டும். இதில்தான் குடும்பங்கள் அவசரப்படுகின்றன, அல்லது கைவிட்டுவிடுகின்றன. முதலாவது, விழுந்தாரா என்று யோசியுங்கள். மழைக்காலத்தில் குடியிருப்புப் படிகளில் வழுக்கி, தலை லேசாகப் பட்டு, ஒன்றுமில்லை என்று எழுந்து போன சம்பவம் ஏதாவது இருக்கும். முதியவர்களின் மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே இடம் கூடியிருக்கும். அங்கே இழுபட்டு நிற்கும் சிறு ரத்தக்குழாய் கிழிந்தால் ரத்தம் வாரக்கணக்கில் மெல்லக் கசியும். விழுந்ததையே எல்லோரும் மறந்த பிறகு குழப்பமும் தூக்கமும் ஒரு பக்கக் கால் இழுப்பும் தொடங்கும். சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும். மண்டையில் சிறு துளை போட்டு ரத்தத்தை வடித்துவிட்டால் பலர் பழைய ஆளாக எழுந்து உட்காருவார்கள். இதற்கு அண்ணன் சொல்வதுபோல முதலிலேயே கோயம்புத்தூர் போகத் தேவையில்லை; உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே சி.டி. எடுக்கலாம்.

பி12 சத்துக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, சோடியம் குறைவு ஆகிய மூன்றும் ரத்தப் பரிசோதனையில் தெரியும். சர்க்கரை நோய்க்காக மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டு சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது சகஜம். மறதியோடு, காலைத் தரையிலிருந்து எடுக்க முடியாத நடையும், சிறுநீரை அடக்க முடியாமையும் சேர்ந்தால் மூளைக்குள் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணவரை இழந்தவர் என்கிறீர்கள். முதுமையில் மனச்சோர்வு பல நேரம் மறதி வேடம் போட்டு வரும். காதில் அழுக்கு அடைத்திருந்தாலே சிலர் பாதி குழம்பியவர்போலத் தெரிவார்கள், ஏனென்றால் நாம் சொன்னது அவர்கள் காதில் விழுவதே இல்லை. பிறகு மாத்திரைகள். மலையில் எல்லோர் வீட்டிலும் சளி மாத்திரை உண்டு. அதில் இருக்கும் குளோர்பெனிரமின், கால் எரிச்சலுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் சில மருந்துகள், எல்லாமே முதிய மூளையின் நினைவாற்றலை மழுங்கடிக்கும். வயதானவர்களின் மாத்திரைப் பையைத் தரையில் கொட்டிப் பார்ப்பதை நான் ஒரு பரிசோதனையாகவே வைத்திருக்கிறேன். ஸ்கேனைவிட அது பல நேரம் அதிகம் சொல்லும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் விடை கிடைக்கவில்லை என்றால், நீங்கள் விவரித்திருப்பது அல்சைமர் நோயின் போக்கோடு பொருந்துகிறது. அப்படியே வைத்துக்கொண்டு, பழையது மட்டும் எப்படி நினைவிருக்கிறது என்ற உங்கள் அடுத்த கேள்விக்கு வருகிறேன். எனக்கு இதுவே மிகவும் பிடித்த கேள்வி.

காதுக்கு உள்பக்கமாக, மூளையின் பக்கவாட்டு மடல்களின் அடியில், இரு புறமும் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. இன்று காலை நடந்ததைப் பதிந்து வைப்பது அதன் வேலை. அது பதிவதெல்லாம் அங்கேயே தங்குவதில்லை. திரும்பத் திரும்ப நினைத்தும், பேசியும், கனவில் கண்டும், ஆண்டுகள் போகப் போக, ஒரு நினைவு மூளையின் மேற்புறணியில் பரந்து ஊன்றிக்கொள்கிறது. தேயிலைக் காட்டுக்குள் ஆள் நடந்து நடந்து விழுந்த தடம், தோட்ட நிர்வாகம் போட்ட ரோடு மழையில் போன பிறகும் கிடப்பதுபோல, அந்தப் பழைய நினைவுகள் ஹிப்போகேம்பஸின் உதவியில்லாமலும் நிற்கும். அல்சைமர் நோய் தன் வேலையைத் தொடங்குவது ஹிப்போகேம்பஸிலும் அதன் வாசலிலும். ஆகவே புதியது பதியவே பதியாது. அம்மா காலையில் சாப்பிட்டதை மறக்கவில்லை. அது அவருக்குள் நுழையவே இல்லை. ஆறு ஆண்டுக்கு முந்திய மரணம் சரியாக ஊன்றவில்லை. 1960களின் ஹட்டன் அசையாமல் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. எல்லா வயதின் நினைவும் சம எடை கொண்டவை அல்ல. நோயில்லாத முதியவர்களிடம் வாழ்க்கையில் நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலத்தைத்தான் அதிகம் சொல்வார்கள். முதல் வேலை, திருமணம், முதல் குழந்தை எல்லாம் அந்த வயதில்தான். உங்கள் அம்மாவின் அந்த இருபது ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று முடிவானது. அப்போது அம்மாவுக்குப் பதினைந்து வயது இருக்கும். பிறகு எட்டு ஆண்டுக் காத்திருப்பு, கடவுச்சீட்டு, தலைமன்னாருக்கு ரயில், கப்பல், ராமேசுவரம், மண்டபம் முகாம், அங்கிருந்து அதுவரை பார்த்திராத ஒரு மலை. திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியிருந்தது. அதுதான் பிறகு டான்டீ ஆனது. ஒரு வாழ்க்கையின் ஆழமாகப் பதியும் காலமும், அந்த வாழ்க்கை வேரோடு பிடுங்கப்பட்ட காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன. ஆகவே வீடு என்றால் அவருக்கு லயத்துக் காம்பரா நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. ஐம்பது ஆண்டு வாழ்ந்த கோத்தகிரி வீடு தோற்றுவிட்டது என்று நீங்கள் வருந்த வேண்டாம்.

தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் இதை நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். பிரட்டுக் களம், கணக்குப்பிள்ளை, பீலித் தண்ணீர், பிள்ளைக் காம்பரா என்று பேசத் தொடங்குவார்கள். கூட வந்த பேரப்பிள்ளைக்குப் பாதிச் சொல் புரியாது. ஒரு மூதாட்டி இருந்தார். கிழமை தெரியாது, மாதம் தெரியாது, எதிரே நின்ற மகனைத் தம்பி என்றார். மருத்துவமனை வளாகத்தின் ஓரத்தில் வெட்டாமல் விட்ட சில தேயிலைச் செடிகள் உண்டு. மகன் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அவர் அங்கே போய் நின்றுகொண்டார். இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்தன. இரண்டு இலையும் மொட்டும் மட்டும் விரல் நுனியில் ஒடிந்தன. முற்றிய இலையைக் கை தொடவே இல்லை. கைப்பிடி நிறைந்ததும் தலையைத் திருப்பாமலே தோளுக்குப் பின்னால் போட்டார். கூடை இல்லை. கொழுந்து எல்லாம் தரையில் விழுந்தது. அவர் அடுத்த செடிக்கு நகர்ந்தார். கைப்பழக்கத்தை வைத்திருப்பது ஹிப்போகேம்பஸ் அல்ல. மூளையின் அடி ஆழத்தில் இருக்கும் முடிச்சுகளும் பின்னால் இருக்கும் சிறுமூளையும்தான். அங்கே நோய் மிகவும் தாமதமாகவே போய்ச் சேர்கிறது. உங்கள் அம்மாவிடம் இன்றும் கீரை ஆயக் கொடுங்கள், பூண்டு உரிக்கக் கொடுங்கள், துணி மடிக்கக் கொடுங்கள். அரிவாள்மனையை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள்.

மாலையில் ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதில்தான் விடை இருக்கிறது. பகல் இரவைப் பிரித்துச் சொல்லும் மூளையின் கடிகாரம் இந்த நோயில் தளர்ந்துவிடும். வெளிச்சம் மங்கி, மஞ்சு இறங்கி, நிழல் நீளும் நேரத்தில் குழப்பம் கூடும். போதாததற்கு, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைத் தேடி வீட்டுக்கு ஓடிய நேரமும் அதுவே. பல்லாண்டு அந்த நேரத்தில் புறப்பட்ட உடம்பு இப்போதும் புறப்படுகிறது. அவரை மறித்து, “இதுதான் உங்கள் வீடு” என்று வாதாடாதீர்கள்; வாதத்தில் நீங்கள் வெல்ல முடியாது. இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போடுங்கள். பசியா, சிறுநீர் வருகிறதா, கால் வலிக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்ற சொல்லுக்குள் இவற்றில் ஒன்று பல நேரம் இருக்கும். பையைத் தூக்கிவிட்டால், “வாருங்கள், போகலாம்” என்று கூடவே நடந்து, குடியிருப்பைச் சுற்றிவந்து, வீட்டுக்குள் கூட்டி வந்து தேநீர் கொடுங்கள். தனியாக மட்டும் விடாதீர்கள். அந்தி நேரத்தில் கோத்தகிரித் தேயிலைக் காட்டில் காட்டெருமையும் கரடியும் நடமாடுவதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவின் தாழ்ப்பாளைப் பார்வை படாத உயரத்தில் மாற்றிப் போடுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய துணித்துண்டை ஸ்வெட்டரின் உள்பக்கம் தைத்துவிடுங்கள். ஸ்வெட்டரை அவர் கழற்றப்போவதில்லை.

அப்பா விஷயம். அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான காட்சிகளைத் திரையில் காட்டினார்கள். சிறிது நேரத்தில் என்ன பார்த்தோம் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. சோகம் மட்டும் போகவில்லை. மகிழ்ச்சியான காட்சிகளுக்கும் அப்படியே. எது நடந்தது என்பது அழிந்த பிறகும் அது தந்த உணர்ச்சி உடம்பில் தங்குகிறது, ஏன் என்று தெரியாமலே. இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். அப்பா இறந்துவிட்டார் என்று சொல்கிறீர்கள். பத்து நிமிடத்தில் அந்தச் செய்தி மறைந்துவிடும். காரணம் தெரியாத ஒரு பாரம் மட்டும் அதன் பிறகும் அவரோடு இருக்கும். நாளை மறுபடி கேட்பார். ஒரு மனுஷிக்கு ஒரு முறைதான் கணவன் சாக வேண்டும். நீங்கள் உண்மை என்ற பெயரில் அதைத் தினமும் நடத்துகிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் நேர்மை எனக்குப் புரிகிறது.

அதற்காக, “அப்பா வேலைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார்” என்று பொய் சொல்லச் சொல்லவில்லை. அவர் வாசலைப் பார்த்தபடி காத்திருப்பார், அது இன்னொரு கொடுமை. அவர் கேட்பது தகவலை அல்ல, அப்பாவைத் தேடுகிறார். “அப்பாவைத் தேடுகிறதா அம்மா? அவருக்கு ரொட்டி எப்படிச் சுட வேண்டும்?” என்று அப்பாவைப் பற்றிப் பேச்சை எடுங்கள். கப்பலில் வந்த கதையைக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அந்தத் திசையில் போய் அமைதியாகிவிடும். என்றைக்காவது உங்கள் கண்ணைப் பார்த்து, “அவர் செத்துவிட்டாரா?” என்று நேராகக் கேட்டால் அன்று மறைக்காதீர்கள். ஆமாம் என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு கூடவே உட்காருங்கள். அப்படிக் கேட்கும் நொடியில் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இது எங்கே போய் முடியும்? நேராகவே சொல்கிறேன், ஏனென்றால் பல மருத்துவர்கள் இதைச் சொல்வதில்லை. அல்சைமர் உயிரைக் கொல்லும் நோய். கண்டறிந்த பிறகு சராசரியாக நான்கு முதல் எட்டு ஆண்டு. சிலர் இருபது ஆண்டுவரை. டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சிறிது காலம் தெளிவைத் தரும், நோயை நிறுத்தாது. கசடைக் கரைக்கும் புதிய ஊசிகள் வந்திருக்கின்றன. லெகானெமாப் என்ற ஊசி ஒன்றரை ஆண்டில் சரிவின் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது. ஆனால் அது தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கானது, மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வரக்கூடும், அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்காக நிலத்தை விற்று அந்தப் பக்கம் போகாதீர்கள் என்பதே என் ஆலோசனை.

கடைசிக் கட்டத்தில் பேச்சு குறையும், நடை நிற்கும், விழுங்குவது சிரமமாகும். சோறு மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியா வரும். பெரும்பாலும் அதுவே முடிவு. அந்தக் கட்டத்தில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுத்தால் ஆயுள் கூடும், நிமோனியா வராது என்று குடும்பத்தார் நம்புகிறார்கள். முற்றிய டிமென்ஷியாவில் இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. குழாயைப் பிடுங்காமல் இருக்க அவர்கள் கையைக் கட்டிலில் கட்டுவதுதான் நடக்கிறது. நிமிர்த்தி உட்கார வைத்து, கையால், சிறு சிறு கவளமாக, அவர் வேண்டும் என்கிற அளவுக்கு ஊட்டுவதே போதும்.

இதையெல்லாம் இப்போதே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று நான்கு ஆண்டு கழித்து ஒரு நள்ளிரவில் அவருக்கு மூச்சுத் திணறும். ஆம்புலன்ஸ் மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, வென்டிலேட்டர் வேண்டுமா என்று ஒரு முன்பின் தெரியாத குரல் தொலைபேசியில் கேட்கும். அந்த நேரத்தில் அண்ணனும் நீங்களும் சண்டை போடுவீர்கள். யாருக்கும் தெரியாத ஒன்று, அம்மா என்ன விரும்பினார் என்பதாக இருக்கும். இன்று அவருக்குக் காலை நேரங்களில் தெளிவு இருக்கிறது. இன்று கேட்கலாம். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில், மீள வழியில்லாத நிலையில் உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும். எழுதுபவருக்கு எழுதுவது என்னவென்று புரிய வேண்டும் என்பது நிபந்தனை. அம்மாவுக்கு அது புரியும் நிலை இருக்கிறதா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். இல்லை என்றாலும் அவர் பேச்சைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கே சாக வேண்டும், யார் பக்கத்தில் இருக்க வேண்டும், எரிப்பதா புதைப்பதா என்று கேட்டால் முதியவர்கள் தயங்காமல் சொல்வார்கள். “அப்படியெல்லாம் பேசாதீர்கள்” என்று வாயை அடைப்பது எப்போதும் பிள்ளைகள்தாம்.

நம் மலையைப் பற்றி ஒரு செய்தி. 1901, 1902இல் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் நீலகிரிக்கு வந்து இங்குள்ள பழங்குடியினரான தோடர்களோடு மாதக்கணக்கில் தங்கினார். பார்வை, மோப்பம், தொடு உணர்வு என்று அவர்களின் புலன்களை அளந்து பார்ப்பது அவர் கொண்டுவந்த வேலைகளில் ஒன்று. முதல் உலகப் போரின்போது மனம் உடைந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்து, நடந்ததை மறந்துவிடு என்று அவர்களை வற்புறுத்துவது குணப்படுத்தாது என்று வாதாடியவரும் இவரே. 1906இல் அவர் வெளியிட்ட நூலில் தோடர்களின் இரண்டு ஈமச் சடங்குகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இறந்தவுடன் எரியூட்டுவது ஒன்று. எஞ்சிய சிறு பாகத்தை எடுத்து வைத்திருந்து, மாதங்கள் கழித்து ஊர் கூடிச் செய்வது இன்னொன்று. இரண்டாவது முடியும்வரை இறந்தவர் முழுமையாகப் போய்விட்டதாக ஆகாது. டிமென்ஷியா குடும்பங்கள் படும் பாடு இதைத் தலைகீழாகப் போட்டது. உயிர் இருக்கும்போதே பாதிப் பிரிவு நடந்துவிடுகிறது, அதற்குச் சடங்கு எதுவும் கிடையாது, துக்கம் கேட்க ஒருவரும் வருவதில்லை. உங்களுக்கு இப்போதே வரும் அழுகை தவறானது இல்லை என்பதற்காகச் சொன்னேன். இரவெல்லாம் விழித்துப் பார்த்துக்கொள்ளும் நீங்கள் வாரத்தில் ஒரு நாளாவது அண்ணனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுத் தூங்க வேண்டும். அவர் ஸ்கேனுக்குப் பணம் கட்டுவதைவிட அது பெரிய உதவி.

எனக்கும் வருமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக. குடும்பத்தில் நேரடியாகக் கடத்தப்படும் வகை மிக அரிது, அது நாற்பது ஐம்பது வயதிலேயே தாக்கும்; உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது அது அல்ல. தாய்க்கு வந்ததால் உங்களுக்கு வாய்ப்பு சற்றுக் கூடும், விதி அல்ல. மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் 45 விழுக்காடுவரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இடமிருக்கிறது என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் கணக்கிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, காது மந்தம், கண் மங்கல், தனிமை, தலைக்காயம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. உங்களுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தால் முதலில் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தின் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்.

இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்கும். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் டிமென்ஷியா வந்த 648 பேரை ஆராய்ந்து 2013இல் எழுதினார்கள். ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களைவிட, இரண்டு மொழியோ அதற்கு மேலோ பேசுபவர்களுக்கு நோய் நான்கரை ஆண்டு தாமதமாகத் தலைகாட்டியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. கோத்தகிரிச் சந்தையில் தமிழும் படுகும் மலையாளமும் கன்னடமும் ஒரே கடையில் புழங்குகின்றன. உங்கள் அம்மாவுக்குச் சிங்களமும் தெரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, மருத்துவரிடம் போகும்போது காலையில் முதல் ஆளாகக் கூட்டிப் போங்கள். மதியத்துக்கு மேல் பரிசோதித்தால் அவர் உள்ளதைவிட மோசமாகத் தெரிவார். எல்லா மாத்திரை அட்டைகளையும், பழைய சீட்டுகளையும், கண்ணாடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேள்வி கேட்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். அவர் முன்னால் வைத்து அவருடைய தவறுகளை அடுக்காதீர்கள். அதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எது முதலில் தொடங்கியது, எந்த மாதம், விழுந்தது உண்டா என்று அதில் இருக்கட்டும். இந்தத் தகவல்களும் ரத்த முடிவுகளும் கையில் இருந்தால், ஸ்கேனுக்குப் பிறகு என்ன செய்வது என்று விளக்கமாகப் பேசலாம்.